லொடலொடவா, டொக் டொக்கா? காரின் சத்தமும் ஆச்சியின் காதும்

கழக்கூட்டத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்பது ஒரு தனிப் பொழுது. டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்களானாலும் சரி, தும்பாவுக்குப் போய் வருபவர்களானாலும் சரி, மாதம் ஒரு முறையாவது அன்று மாலை மூட்டை முடிச்சுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுவோம். பைபாஸில் ஏறி, களியக்காவிளை தாண்டி, நாகர்கோவிலில் ஒரு காபி குடித்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை வாங்கிக்கொண்டு, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தால், கணக்குக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நாலு மணி நேரம் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அடைபட்டிருக்கும் அபூர்வமான வாய்ப்பு அது. அந்த அறையில் ஐந்தாவதாக ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

போன வருடம் அம்மா எங்களுடன் சில மாதங்கள் வந்து தங்கியிருந்தாள். அவளை ஊரில் கொண்டுபோய் விடுவதற்காகப் புறப்பட்ட அன்று, பாறசாலை தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"ஏல, பின்னால என்னமோ லொடலொடங்குதே, ஒனக்குக் கேக்கலியா?"

கேட்டது. மூன்று மாதமாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

"அது சும்மா நாய்ஸ், ஆச்சி" என்றாள் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள்.

"எல்லாச் சத்தமும் நாய்ஸுதானா? லொடலொடங்குததும் நாய்ஸு, கீச்சுங்குததும் நாய்ஸா?" என்று அம்மா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள் பாதி மெக்கானிக் வேலை அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மெக்கானிக் கேட்ட கேள்வி

ஊரிலிருந்து திரும்பிய வாரமே காரைப் பக்கத்திலிருந்த ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். "எங்ஙனத்தெ சப்தமாணு சாரே?" என்று கேட்டார் மெக்கானிக். எப்படிப்பட்ட சத்தம் என்கிறார். "ஒரு சத்தம்... பின்னாடியிலிருந்து..." என்று இழுத்தேன். எப்போது வருகிறது? "ஓட்டும்போது." என்ன வேகத்தில்? தெரியவில்லை. திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? தெரியவில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி கார் அடக்க ஒடுக்கமாக இருந்தது. சத்தம் வரவே இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நம் சங்க நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கேயிருந்து தொடங்குவார்? காய்ச்சலா, இருமலா, வலியா, வலி என்றால் குத்துகிறதா, குடைகிறதா என்று சொல்ல வேண்டாமா? காருக்கும் அதே கதைதான்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

காருக்குள் கேட்கும் வேண்டாத சத்தங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்.

முதலாவது, இடைவெளியால் வருவது. இரண்டு பொருள்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடம் இருந்தால் போதும். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒன்று மற்றொன்றை இடிக்கும். கழன்ற திருகாணி, உடைந்த பிளாஸ்டிக் கிளிப், கட்டப்படாத ஜாக்கி எல்லாம் இந்த வகை.

இரண்டாவது, உரசலால் வருவது. ரப்பரும் பெயிண்டும், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது கீச்சென்ற சத்தம் பிறக்கிறது. வயலின் தந்தியில் வில் செய்வதும் இதே வேலைதான். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, கூட அதிர்வதால் வருவது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள இசைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தட்டினால் தூணுக்குத் தூண் ஒலி வேறுபடும். பருமனும் நீளமும் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. காரில் உள்ள ஒவ்வொரு தகட்டுக்கும் அப்படித்தான். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது நொடிக்கு 20 முறை எரிபொருள் வெடித்து வண்டியை உதறுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 900 சுற்றில் நொடிக்கு 30 முறை உதறும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. சிறிய காரின் சக்கரம் அதற்குள் 11 முறை சுற்றிவிடும். இந்த அதிர்வுகளில் ஒன்று ஏதாவது ஒரு தகட்டின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனால், அந்தத் தகடு பாட ஆரம்பித்துவிடும். வேகம் மாறினால் நின்றுவிடும். "அறுபதில் மட்டும் சத்தம் வருகிறது, எழுபதில் இல்லை" என்று சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான்.

நம் கழக்கூட்டத்துக்குப் பக்கத்துத் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்தது. இன்று அங்கே இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பொறியாளர்களுக்கு இந்த ஒத்ததிர்வு புதிய விஷயமல்ல. ஏவுகலனில் போகும் கருவிகளையெல்லாம் முன்கூட்டியே அதிர்வு மேசையில் வைத்து, மெதுவான அதிர்வு முதல் வேகமான அதிர்வு வரை குலுக்கிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். கார் தொழிற்சாலைகளும் காரின் நான்கு சக்கரங்களையும் குலுக்கும் மேசைகளில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கின்றன. ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு, நம் சாலைகள்தாம் அதிர்வு மேசை!

கழக்கூட்டத்தில் 2022-இல் திறக்கப்பட்ட சுமார் 2.7 கி.மீ. மேம்பாலத்தின் மேலே ஓட்டும்போது ஒரு சத்தமும் கேட்காது. கீழே இறங்கி ஒரு சந்துக்குள் திரும்பினால் வண்டி தன் சுயசரிதையைச் சொல்லத் தொடங்கும். இங்கே கடல் பக்கம். உப்புக் காற்றும் இரண்டு பருவ மழையும் வண்டியின் அடிப்பாகத்துத் தகடுகளையும் கம்பிகளையும் துரு ஏற்றுகின்றன. வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டு விரிகிறது. ஒரு மீட்டர் நீள இரும்பு 40 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். பிளாஸ்டிக் அதைப்போலப் பல மடங்கு நீளும். இரண்டும் ஒன்றோடொன்று திருகப்பட்டிருந்தால் கிளிப்புகள் தளராமல் என்ன செய்யும்? காலையில் வராத சத்தம் மதியம் வருவதற்கும், மதியம் வந்தது ஏ.சி. போட்ட பத்து நிமிடத்தில் மறைவதற்கும் காரணம் இதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 வரை உற்பத்தியான மாருதி 800 காலத்தில் எஞ்சின் சத்தமே மற்றச் சத்தங்களை ஓரளவு மூடிவிடும். இப்போது பலர் வாங்கும் மின்சாரக் கார்களில் எஞ்சினே இல்லை. அமைதியான வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் பெரிதாகக் கேட்பது போல, அவற்றில் சின்னச் சத்தமும் காதில் உறுத்தும். ஆகவே "புது வண்டி, சத்தம் வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இரட்டைக் கிளவியே வைத்தியன்

அம்மா திருநெல்வேலி டவுணில் நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள். "ஷட்டில்ல சத்தம் மாறிச்சின்னா ஊசி ஒடியப் போவுதுன்னு அர்த்தம்" என்பாள். அவளிடம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொல் இருந்தது. பள்ளியில் இரட்டைக் கிளவி என்று படித்தோமே, பிரித்தால் பொருள் தராத அந்த இரட்டைச் சொற்கள்தாம். அவற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அவை எவ்வளவு துல்லியமான கருவிகள் என்பது ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. என் அனுபவத்தில் தேறிய அகராதி இதோ:

சலசல, கிலுகிலு: சில்லறைக் காசு, சாவிக் கொத்து, கண்ணாடிக் கூடு, மாட்டாமல் விட்ட சீட் பெல்ட் கொக்கி. பத்துப் பைசா செலவில்லாத வியாதி.

லொடலொட: கனமான பொருள் ஒன்று கட்டவிழ்ந்து கிடக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தட்டு, சரியாகப் பூட்டிக்கொள்ளாத பின் இருக்கை முதுகு, டிக்கிக் கதவின் ரப்பர் முட்டுகள்.

கீச்கீச்: உரசல். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம், இருக்கைக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே தேய்வது.

கிர்ரென்ற இரைச்சல்: மெல்லிய தகட்டின் ஒத்ததிர்வு. நம்பர் பிளேட், டேஷ்போர்டு மூடி, கதவு ஸ்பீக்கரின் சட்டம், அடியில் சைலன்ஸர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. கடலோர ஊர்களில் இந்தத் தகட்டின் திருகாணி ஓட்டைகள் துருப்பிடித்து அகன்றுவிடுவது சகஜம்.

கரகர: இரும்பும் இரும்பும் தேய்கின்றன. பிரேக் பிடிக்கும்போது வந்தால் பிரேக் பேட் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே ஒர்க்ஷாப்.

டக்டக்டக் என்று, முழுக்கத் திருப்பி ஓட்டும்போது மட்டும்: முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸிலின் மூட்டு தேய்ந்திருக்கலாம்.

டொக், டொக் என்று பள்ளத்தில் விழும்போது ஒற்றை அடி: சஸ்பென்ஷன். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் உறுமல்: வீல் பேரிங். இதையும் தள்ளிப்போடக் கூடாது.

தேடும் முறை

முதல் விதி, காரைக் காலி செய்யுங்கள். கதவுப் பை, நடுப்பெட்டி, இருக்கைக்கு அடி, டிக்கி, ஸ்டெப்னிப் பள்ளம் எல்லாவற்றையும். எங்கள் காரிலிருந்து மூன்று பேனா, ஒரு பம்பரம், காணாமல் போன குழம்புக் கரண்டி, ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடி ஆகியவை வெளிவந்தன. பாதிச் சத்தங்கள் இந்தக் கட்டத்திலேயே ஓடிப்போகும்.

இரண்டாவது, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். எந்த வேகம், எந்த மாதிரிச் சாலை, திருப்பத்திலா நேரிலா, பிரேக் பிடித்தால் நிற்கிறதா, ஏ.சி. போட்டால் மாறுகிறதா, வண்டி சூடேறிய பிறகா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இதை மெக்கானிக்கிடம் நீட்டினால் அவருக்கு அரை நாள் மிச்சம்.

மூன்றாவது, ஓட்டுபவர் தேடக் கூடாது. ஒருவர் ஓட்ட, மற்றவர் இடம் மாறி மாறி உட்கார்ந்து கேட்க வேண்டும். கார் ஒரு மூடிய பெட்டி. சத்தம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி இடம் மாற்றிக் காட்டும். சந்தேகப்படும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் நின்று, எடுத்தால் வந்தால், திருடன் அகப்பட்டான். ஓடும் வண்டியில் டிக்கிக்குள் உட்காரும் வேலை மட்டும் வேண்டாம். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டு டிக்கியில் ஒரு முறை, கதவுப் பையில் ஒரு முறை வைத்துப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து எதில் பலமாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டால் போதும்.

நான்காவது, குடும்பத்தில் எல்லோருடைய காதையும் பயன்படுத்துங்கள். வயது ஏற ஏற முதலில் மங்குவது மேல்ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். கீச்சென்ற மெல்லிய சத்தத்தைப் பிள்ளைகள்தாம் முதலில் பிடிப்பார்கள். தாழ்ந்த ஒலியான டொக் டொக் தாத்தா பாட்டிக்கும் நன்றாகக் கேட்கும். எங்கள் காரின் கீச்சைக் கண்டுபிடித்தது மகள். எனக்குக் கேட்கவே இல்லை. இடது பின் கதவுப் பீடிங்கில் அவள் விரல் வைத்ததும் நின்றது.

ஐந்தாவது, வண்டியை நிறுத்தி வைத்தும் சோதிக்கலாம். நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது எஞ்சின் அதிர்வு சம்பந்தப்பட்டது. சக்கரத்தில் தேட வேண்டியதில்லை. பள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷனையும் உள்ளே தளர்ந்த பொருளையும் பாருங்கள். ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் பிரேக் பேடுகள் ஆடுகின்றன என்று கொள்ளலாம். வேகத் தடையில் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டினால், இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடைச் சந்தேகிக்கலாம்.

செய்யலாம், செய்யக் கூடாது

தளர்ந்த பிளாஸ்டிக்குக்கு அடியில் மெல்லிய கம்பளித் துணி நாடாவோ ஸ்பாஞ்சு நாடாவோ ஒட்டினால் போதும். கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நான்கு சிறு ரப்பர் துண்டு. டிக்கிக் கதவின் ரப்பர் முட்டுகளை அரைச் சுற்று வெளியே திருகினால் கதவு இறுகப் பிடிக்கும். கதவுப் பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காய வைத்து, ரப்பருக்கென்றே உள்ள சிலிகான் திரவத்தைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். எஞ்சின் ஆயிலோ சாதாரணக் கிரீஸோ வேண்டாம். அவை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும். சிலிகானைக் கண்ணாடியிலும், பெடலிலும், பிரேக் அருகிலும் படவிடாதீர்கள்.

ஏர்பேக் இருக்கும் இடத்தைத் தொடவே கூடாது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பல கார்களில் டேஷ்போர்டின் இடப் பக்கத்திலும், இருக்கை ஓரத்திலும், கதவுக்கு மேலேயும்கூட உண்டு. அந்த மூடிகள் கிர்ரென்றால் நாடா ஒட்டி அடைக்காமல் அங்கீகாரம் பெற்ற சர்வீஸில் காட்டுங்கள். அதே போல, சைலன்ஸர் பக்கம் கை வைப்பதானால் வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். இது வேண்டுகோள் அல்ல, எச்சரிக்கை.

எங்கள் வண்டியின் லொடலொட என்னவாக முடிந்தது தெரியுமா? ஒரு நாள் பஞ்சர் ஒட்டிய பிறகு ஜாக்கியை அதன் கொக்கியில் மாட்டாமல் பள்ளத்தில் போட்டு வைத்தவன் நானேதான். பழைய துண்டைச் சுற்றிக் கொக்கியில் மாட்டியதும் ஊமையாகிவிட்டது. ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நான் அன்னைக்கே சொல்லலியால" என்றாள்.

ஒற்றை டொக்

கதை அங்கேயே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஐப்பசியில் அம்மா மறுபடி வந்திருந்தாள். தீபாவளிக்கு எல்லோருமாக ஊருக்குப் போவதென்று ஏற்பாடு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மழைக்கு நடுவே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பினேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியதும், முன் இருக்கையில் இருந்தவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"ஏல, கேட்டியா?"

"ஜாக்கிதாம்மா, மறுபடி கழண்டிருக்கும்."

"அது லொடலொடல்லால. இது டொக்குன்னு ஒத்தச் சத்தம். என் எடது காலுக்கு அடியில அடிக்கி."

நான் பாட்டைக் கூட்டவில்லை. அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தேன். ஆனால் மனசு சாக்குத் தேடிற்று. கிளம்ப இரண்டே நாள், மழை வேறு, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாமே? வீட்டுக்கு வந்ததும் என் மனைவிதான் சொன்னாள்: "போன தடவை அத்தை சொன்னது சரியாத்தானே இருந்துச்சு?"

மறுநாள் காலை அதே மெக்கானிக்கிடம் போனேன். இந்த முறை சொல்லத் தெரிந்தது. முன்னால், இடப் பக்கம், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும், ஒற்றை அடி, டொக். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. இடது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சக்கரத்தின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து அசைத்தார். டொக். கூட இருந்த பையனைப் பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்தார். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் பிரேக்கைப் பிடித்ததும் நின்றுவிடும். நிற்கவில்லை. டொக்.

கீழ்ப் பக்க பால் ஜாயிண்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு உருண்டை. சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கவும், இடமும் வலமும் திரும்பவும் இடம் கொடுப்பது அதுதான். அதைப் போர்த்தியிருந்த ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போய், கிரீஸ் கரைந்து, உருண்டை தேய்ந்து கிண்ணத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. தேய்ந்துகொண்டே போனால் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கும். வண்டி அந்தப் பக்கம் சாயும். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அது எப்போது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து, நம் தெருமுனையில் பத்துக் கி.மீ. வேகத்தில் நடந்திருக்கலாம். மறுநாள் இரவு, மழையில், ஆரல்வாய்மொழிப் பக்கம் எண்பதில் போகும்போதும் நடந்திருக்கலாம். காரில் நாலு பேர் இருந்திருப்போம்.

புது ஜாயிண்ட் மாட்டி, சக்கரக் கோணம் சரிபார்த்து, மாலைக்குள் வண்டி தயாராகிவிட்டது. யார் கண்டுபிடித்தது என்று மெக்கானிக் கேட்டார். சொன்னேன். "அம்மயுடெ செவி கொள்ளாமல்லோ!" என்றார். அம்மாவின் காது நன்றாக இருக்கிறதே என்று பாராட்டு. அம்மாவிடம் சொன்னபோது, "காது என்ன காது, நாப்பது வருசம் மெஷினுக்கிட்ட காதக் குடுத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டாள்.

நம் பிள்ளைகளைப் பற்றி

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வீட்டில் நாமும் 'சவுண்ட்', 'நாய்ஸ்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டால், லொடலொடவுக்கும் டொக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் எங்கே போய்க் கற்பார்கள்? சொல் இல்லாவிட்டால் காதும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதற்கு மூன்று மாதம் பாட்டைக் கூட்டி வைத்த நானே சாட்சி.

அந்தத் தீபாவளிப் பயணத்தில் பின் இருக்கையில் ஒரு விளையாட்டு நடந்தது. வழியில் கேட்கும் சத்தத்துக்கெல்லாம் ஆச்சி ஒரு சொல் சொல்ல வேண்டும், பேத்தி அதே மாதிரி இன்னொன்று சொல்ல வேண்டும். மழைக்குச் சடசட, வைப்பருக்குச் சரக் சரக், முன்னால் போன லாரிக்குக் கடகட. நாங்குநேரி தாண்டும்போது மகள் சட்டென்று, "அப்பா, வலது பக்கம் கிணுகிணுங்குது" என்றாள். நிறுத்திப் பார்த்தோம். கதவுப் பையில் ஆச்சியின் கண்ணாடிக் கூடும் ஒரு ரூபாய்க் காசும்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக, பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வீட்டில் பெரியவர் ஒருவரையும் சின்னவர் ஒருவரையும் உட்கார வைத்து, குண்டும் குழியுமான ஒரு தெருவில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். என்ன கேட்கிறது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சலசலவாக இருந்தால் சிரித்துவிட்டுக் காசை எடுத்துப் போடலாம். டொக் என்றால் அன்றே ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.